கேஸ் தீர்ந்துபோகாது அண்ணாச்சி!

தூத்துக்குடியில் 1987-ல் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்பானரைக் கையில் எடுத்தவன் நான். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்கு வாசலில் ஒரு நாற்காலியும் இந்தக் கேள்வி பதிலும்தான் வேலை. போன இதழில் வீட்டு ஃப்ரிட்ஜ் பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, “டீப் ஃப்ரீசர் என்றால் கதையே வேறு” என்று சும்மா ஒரு வரி எழுதிவைத்தேன். அந்தக் கதையைச் சொல்லு என்று இந்த மாதம் கட்டுக்கட்டாகக் கடிதம். பாதிக் கடிதங்களில் ஒரே வாக்கியம்: “கேஸ் போயிடுச்சாம்.” அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

● 300 லிட்டர் டீப் ஃப்ரீசர், மேல்மூடி உள்ளது. ஐஸ்க்ரீம் கெட்டிப்பட மாட்டேன் என்கிறது. மூன்று வருஷத்தில் மூன்று தடவை கேஸ் ஏற்றியாகிவிட்டது. சரியாகச் சித்திரை வெயிலில் காலை வாரிவிடுகிறது. எந்தக் கம்பெனி கேஸ் ஏற்றினால் நீடிக்கும்?
— பலசரக்குக் கடைக்காரர், கோவில்பட்டி

கேஸ் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை அண்ணாச்சி. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி வருஷாவருஷம் ஊற்ற வேண்டியதும் இல்லை. பெட்டியின் சூட்டை அள்ளிக்கொண்டு குழாய்க்குள்ளே அது சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு பக்கம் ஆவியாகிறது, ஒரு பக்கம் திரும்பத் திரவமாகிறது. ஓட்டை இல்லாவிட்டால் இருபது வருஷம் ஆனாலும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. கசிவை அடைக்காமல் மூன்று தடவை ஏற்றியவர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டிருக்கிறார், மூன்று தடவையும் காசு உங்களுடையது.

அதற்கும் முன்னால், உண்மையிலேயே கேஸ்தான் குறைந்ததா என்று பாருங்கள். வெயில் காலத்தில் மட்டும் மக்கர் செய்கிறது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். பலசரக்குக் கடை. மைதாவும் மிளகாய்ப்பொடியும் காற்றில் மிதக்கிற இடம். பெட்டியின் பக்கவாட்டில் கீழே இருக்கும் சல்லடைத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சூட்டை வெளியே விடும் கண்டன்சரும் சின்ன ஃபேனும் இருந்தால், அந்தக் கம்பிகளுக்கு நடுவே கம்பளி நெய்தது போல அழுக்கு அடைந்திருக்கும். பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ள வழியில்லை என்றால் எத்தனை கேஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். கம்ப்ரசர் ஓடும்போது ஃபேன் நின்றுகிடந்தால், கோளாறு அந்தச் சின்ன மோட்டாரில்தான். சில மாடல்களில் கண்டன்சர் குழாய் வெளித்தகட்டின் உட்புறமாகவே ஒட்டியிருக்கும். தொட்டால் பக்கச் சுவர் சுடும். அது கோளாறு இல்லை. அந்தச் சுவரோடு ஒட்டி அரிசி மூட்டை அடுக்குவதுதான் கோளாறு. நான்கு விரற்கடையாவது இடம் விடுங்கள்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லையா? சரக்கை எல்லாம் எடுத்துவிட்டு, பனியை முழுக்கக் கரைத்து, துடைத்து, காலிப் பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து உள்சுவரைப் பாருங்கள். சுற்றிலும் சீராக வெள்ளை பூத்தால் கேஸ் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இரண்டு மூன்று வரிசை பூத்து, மிச்சம் ஈரமாக நின்றால் கேஸ் குறைவு. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. இன்னொன்றும் உண்டு: நன்றாக ஓடி, திடீரென்று சூடேறி, சில மணி நேரம் அணைத்துவைத்தால் திரும்ப நன்றாக ஓடுவது. அது குழாய்க்குள் ஈரம் இருப்பதால் வருவது. கேபிலரி என்கிற ஊசிக் குழாயின் முனையில் ஒரு துளி தண்ணீர் உறைந்து வழியை அடைத்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் போடாமல் அவசரத்தில் கேஸ் ஏற்றியவரின் கைவண்ணம்.

கசிவுதான் என்று தெரிந்தால் மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “நைட்ரஜன் அடிச்சுப் பார்ப்பீங்களா?” கேஸ் சுற்றுகிற பாதையை அழுத்தம் உள்ள பக்கம், குளிர் எடுக்கிற பக்கம் என்று இரண்டாக வெட்டி, தனித்தனியே அடைத்து, நைட்ரஜன் ஏற்றி ராத்திரி முழுக்க விட வேண்டும். காலையில் எந்தப் பக்கத்து கேஜ் முள் இறங்கியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. வெளியே தெரியும் ஜாயின்ட் என்றால் சோப்பு நுரை காட்டிக்கொடுத்துவிடும். மூடியின் வாய்ப்பக்கம் வியர்க்காமல் இருக்க ஓடும் பைப் கசிந்தால் அதை விலக்கிவிட்டு இணைக்கலாம்; வாய் கொஞ்சம் வியர்க்கும், போகட்டும். தகட்டோடு ஒட்டிய கண்டன்சர் கசிந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஃபேனோடு புதுக் கண்டன்சர் வைக்கலாம்.

சிக்கல், உள்சுவருக்குப் பின்னால் குளிரைக் காக்கும் பஃப் நுரைக்குள் புதைந்த குழாய் ஓட்டையானால்தான். அதைத் தோண்டி எடுக்க முடியாது. உள்ளே சுவரைச் சுற்றிப் புதிதாகக் காப்பர் சுற்றுவார்கள். வேலை செய்யும். ஆனால் உள்ளே இடம் குறையும், கூடை இடிக்கும், கூலியும் காப்பரும் சேர்ந்து கணிசமாக வரும். பெட்டிக்கு வயது பத்துக்கு மேல் என்றால் நான் சுற்றச் சொல்ல மாட்டேன்.

எந்தக் கம்பெனி கேஸ் என்று கேட்டீர்கள். பெட்டியின் பின்புற பிளேட்டில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று இரண்டும் அச்சடித்திருக்கும். தராசில் வைத்து நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டரையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். குழாயைத் திறந்தாலே பழைய ஃபில்டர் குப்பைக்குத்தான்.

● வீட்டில் சப்பாத்தி, கட்லெட் செய்து ஃப்ரீசரில் வைத்து விற்கிறேன். மூடி ரப்பர் கிழிந்துவிட்டது. ஆன்லைனில் “300 லிட்டருக்கான கேஸ்கட்” என்று போட்டிருந்ததை வாங்கினேன். பொருந்தவே இல்லை. இன்னொரு சந்தேகம்: மூடியை மூடிய உடனே திரும்பத் திறக்க முடியாமல் பிடித்துக்கொள்கிறதே, அது ஏன்?
— ஒரு வாசகி, நாசரேத்

இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன் தங்கச்சி. மூடியைத் திறந்ததும் வெளிச்சூட்டுக் காற்று உள்ளே போகிறது. மூடியதும் அது சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து மூடியை உறிஞ்சிப் பிடிக்கிறது. ரப்பர் நன்றாக இருக்கிற பெட்டியில்தான் அப்படிப் பிடிக்கும். இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்தால் தானே விடும். கைப்பிடி உடைந்து என் பட்டறைக்கு வந்த மூடிகளில் பாதி, பொறுக்காமல் இழுத்ததால் வந்தவை.

இனி ரப்பர். லிட்டரைச் சொல்லிக் கேஸ்கட் வாங்குவது, எடையைச் சொல்லி ஜாக்கெட் தைக்கிற மாதிரி. ஒரே 300 லிட்டர்தான். ஒரு கம்பெனி பெட்டி நீளமாக இருக்கும், இன்னொன்று அகலமாக இருக்கும், மூன்றாவது உயரமாக இருக்கும். ஒரே கம்பெனியிலேயே இரட்டை மூடி, ஒற்றை மூடி, கண்ணாடி மூடி என்று மாறும்.

அளவைப் பழைய ரப்பரில் எடுக்காதீர்கள். அது வருஷக்கணக்கில் குளிரில் கிடந்து சுருங்கியிருக்கும். மூடியில் ரப்பர் உட்காரும் பள்ளம் இருக்கிறதே, அதன் நடுவிலிருந்து எதிர்ப்பக்கப் பள்ளத்தின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். நீளம் ஒன்று, அகலம் ஒன்று, மில்லிமீட்டரில். கூடவே பழைய ரப்பரின் நேரான பகுதியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு அந்தத் துண்டின் வெட்டுமுகம்தான் முக்கியம். பள்ளத்தில் அழுத்திச் செருகும் வகையா, உதட்டை மடித்து ஸ்க்ரூவால் பிடிக்கும் வகையா, காந்தப் பட்டை எந்த இடத்தில் ஓடுகிறது எல்லாம் அதில் தெரிந்துவிடும். பிளேட்டை போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். மாடல் நம்பரில் கடைசியில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் வேறு ரப்பர் வந்து சேரும். கம்பெனி ரப்பர் கிடைக்காவிட்டால், அளவும் துண்டும் கொடுத்தால் மூலையை ஒட்டிச் செய்துதருகிற கடைகள் பெரிய ஊர்களில் உண்டு. எங்கள் ஊரிலும் உண்டு.

புது ரப்பர் மடிந்து சுருண்டு வரும். அப்படியே மாட்டினால் வாய் திறந்துதான் நிற்கும். சூடான தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள், இளகி நேராகும். மாட்டிய பின் மூலைகள் தூக்கிக்கொண்டு நின்றால் மகளின் ஹேர் டிரையரைக் கடன் வாங்குங்கள். மெதுவாகச் சூடுகாட்டி, இழுத்துவிட்டு, மூடி, மேலே கொஞ்சம் கனம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் ஒரு பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தடவை, சுற்றிலும். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று போகிறது.

ஒரே மூலையில் மட்டும் தொடர்ந்து வழுக்கினால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள், கீல் தொங்கியிருக்கும். கீலைக் கழற்றும் ஆசை வந்தால் ஜாக்கிரதை. அதற்குள் வலுவான ஸ்பிரிங். மூடி மூடியிருக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி நிற்கும். அப்போது ஸ்க்ரூவை எடுத்தால் கீல் தெறித்து முகத்துக்கு வரும். மூடியை முழுக்கத் திறந்து நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் கழற்ற வேண்டும். என் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அது இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸ்.

● எங்கள் டீக்கடை ஃப்ரீசரில் மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. கம்ப்ரசர் கிளம்புவது போல உறுமி நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் போச்சு, புதுசு போடணும் என்கிறார்கள். சரிதானா?
— டீக்கடைக்காரர், சங்கரன்கோவில்

போயிருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் சில நூறு ரூபாய் சாமானைப் பார்க்க வேண்டும். அந்த ‘டிக்’ சத்தம் ஓவர்லோட். கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது, சூடாகிறது, ஓவர்லோட் தொடர்பை வெட்டிவிடுகிறது, ஆறியதும் திரும்பச் சேர்க்கிறது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. குற்றவாளி வேறு யாரோ.

முதல் ஆள் வோல்டேஜ். சாயங்காலம் உங்கள் தெருவில் எத்தனை வருகிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். 180-க்குக் கீழே என்றால் நல்ல கம்ப்ரசரும் உறுமத்தான் செய்யும். ஸ்டெபிலைசர் வாங்குங்கள், கரண்ட் வந்த பிறகு சில நிமிஷம் தாமதித்துக் கொடுக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து.

இரண்டாவது ஆள், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் பக்கத்து மூடியை எடுத்தால் மூன்று பின்களில் மாட்டியிருக்கும். பெரும்பாலும் பி.டி.சி. ரிலே, தீப்பெட்டி அளவு. உருவி எடுத்துக் காதருகே குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் உள்ளே வில்லை உடைந்துவிட்டது. மாற்றுங்கள், கதை முடிந்தது. கெப்பாசிட்டர் இருந்தால் அதைத் தொடும் முன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அணைத்த பிறகும் அது கடிக்கும்.

மூன்றாவதாகத்தான் கம்ப்ரசர். பின்களுக்கு நடுவே மீட்டரில் ஓம்ஸ் பார்த்தால் மூன்று அளவு கிடைக்கும். சின்ன இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். 9, 16 என்றால் மூன்றாவது 25. கூட்டல் தப்பினாலோ, எந்தப் பின்னுக்கும் கம்ப்ரசரின் இரும்பு உடம்புக்கும் நடுவே தொடர்பு காட்டினாலோ, சரி, போய்விட்டது. கணக்குச் சரியாக இருந்து, நல்ல வோல்டேஜும் புது ரிலேயும் கொடுத்தும் உறுமினால், உள்ளே பிஸ்டன் இறுகியிருக்கிறது. அதுவும் போனதுதான்.

கம்ப்ரசர் வாங்கும்போது நடக்கிற தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தப்பு என்பதால் துணிந்து சொல்கிறேன். 1994-ல் திருச்செந்தூரில் ஒரு ஐஸ் கடை. கந்த சஷ்டிக் கூட்டம், அவசரம். ஃப்ரீசரில் மூன்றில் ஒரு பங்கு ஹெச்.பி. (குதிரைத்திறன்) கம்ப்ரசர் செத்துவிட்டது. என்னிடம் வாட்டர் கூலரிலிருந்து எடுத்தது அதே ஹெச்.பி.யில் புத்தம் புதுசு போல இருந்தது. தூக்கி மாட்டிவிட்டேன். ஓடியது. ஆனால் மைனஸ் ஐந்துக்குக் கீழே இறங்கவே இல்லை, குச்சி ஐஸ் வளைந்தது. மூன்று வாரத்தில் சுருள் கருகியது. கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. “நீங்களும் என்ன செய்வீங்க தம்பி” என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகுதான் புரிந்தது. தண்ணீர் குளிர வைக்கும் கம்ப்ரசரும் உறைய வைக்கும் கம்ப்ரசரும் ஹெச்.பி.யில் ஒன்றாக இருந்தாலும், உள்ளே பிஸ்டன் ஒரு சுற்றில் தள்ளுகிற அளவு வேறு. ஃப்ரீசரில் திரும்பி வரும் கேஸ் மெலிந்து வரும். அதை அள்ள பெரிய சிலிண்டர் வேண்டும். திரும்பி வரும் அந்தக் கேஸ்தான் மோட்டாரையும் குளிர்விக்கிறது, அது போதாமல் மோட்டார் வெந்துபோகிறது. கம்ப்ரசர் லேபிளிலோ பட்டியலிலோ ‘எல்.பி.பி.’ (லோ பேக் பிரஷர், அதாவது திரும்பி வரும் கேஸின் அழுத்தம் குறைவு) என்று இருக்க வேண்டும். வாட்டர் கூலருக்கானது ‘ஹெச்.பி.பி.’ (ஹை பேக் பிரஷர்). ஹெச்.பி. என்ன, கேஸ் என்ன, எல்.பி.பி.யா என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ரிலேயும் ஓவர்லோடும் அதே கம்ப்ரசருக்கு உரியதாகக் கூடவே வர வேண்டும். பழையதைப் புதுசில் மாட்டிப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கும் இதே கதைதான். பார்க்க ஒரே திருகு, குளிரை உணரும் ஒரே வால். வீட்டு ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட் பல, வால் பிளஸ் மூன்று நான்கு டிகிரிக்கு ஏறிய பிறகே கம்ப்ரசரை எழுப்பும். ஃப்ரீசரில் போட்டால் சரக்கு உருகிய பிறகுதான் அதற்கு விழிப்பு வரும்.

● நாட்டுப்படகு மீன் வாங்கி விற்கிறேன். சாயங்காலம் 60 கிலோ போட்டால் காலையில் நடுவில் உள்ளது உறையவே இல்லை. பனிப்பாறையும் சுவரில் நாலு விரல் கட்டுகிறது. உப்புப் போட்டு உருக்கலாமா?
— மீன் வியாபாரி, வேம்பார்

உப்புப் போடாதீர்கள். மீன் தண்ணீரின் உப்பே உங்கள் பெட்டியின் அடித்தகட்டைத் தின்றுகொண்டிருக்கும். தகட்டில் பொத்தல் விழுந்து ஈரம் நுரைக்குள் இறங்கினால், பின்னாலிருக்கும் குழாயும் அரித்துப்போகும். முதல் பதிலில் சொன்ன காப்பர் சுற்றும் செலவு அங்கிருந்துதான் பிறக்கிறது. மீனை வடியவிட்டு, கவரிலோ டிரேயிலோ போட்டு வையுங்கள். பனி அரை விரல் கனம் சேரும்போதே கரையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, அடியிலிருக்கும் வடிகால் மூடியைத் திறந்து, சுடுதண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்து மூடிவிட்டால் கொஞ்ச நேரத்தில் பலகை பலகையாகக் கழன்று விழும். அரிவாள்மணை, ஸ்க்ரூடிரைவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கழுவி முடித்து ஆப்பசோடாத் தண்ணீரில் துடைத்தால் கவிச்சியும் போகும்.

60 கிலோ விஷயம் கோளாறே இல்லை, கணக்கு. ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 400 கிலோஜூல் சூட்டை உருவி எடுக்க வேண்டும். 60 கிலோவுக்கு 24,000. கால் ஹெச்.பி. ஃப்ரீசர் கம்ப்ரசர் அந்தக் குளிரில் 200 வாட் அளவுக்குத்தான் சூட்டை இழுக்கும். நாள் முழுக்க நிற்காமல் ஓடினாலும் 17,000 சொச்சம். இதில் சுவர் வழியாக உள்ளே வருகிற சூட்டை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒரே ராத்திரியில் எப்படி உறையும்? இந்தப் பெட்டி உறைந்ததைக் காப்பாற்றுவதற்குச் செய்தது. உறைய வைக்க அதனிடம் தெம்பு கொஞ்சம்தான். மீனை முதலில் ஐஸில் புதைத்துக் குளிரவைத்துவிட்டுப் பிறகு போடுங்கள், கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒரே நாளில் 15 கிலோவுக்கு மேல் புதுச் சரக்கு வேண்டாம். சுவரை ஒட்டி மெல்லிசாகப் பரப்புங்கள், குவிக்காதீர்கள்.

● ஃப்ரீசரில் ஆர் 600 ஏ கேஸ். எங்கள் பக்கம் அது கிடைக்கவில்லை என்று ஆர் 134 ஏ ஏற்றுகிறார்கள். சிலர் சமையல் கேஸே ஏற்றுகிறார்கள். செய்யலாமா ஐயா?
— ஐ.டி.ஐ. மாணவர், திருநெல்வேலி

கூடாது தம்பி. 600 ஏ, 134 ஏ இரண்டும் குளிர்விக்கும் கேஸ்தான், ஆனால் ரகம் வேறு. 600 ஏ கம்ப்ரசரின் சிலிண்டர் 134 ஏ கம்ப்ரசரை விட ஏறக்குறைய இரட்டிப்புப் பெரியது. மெல்லிய கேஸுக்காகச் செய்தது. அதில் 134 ஏ போட்டால் மோட்டார் சுமை தாங்காது, ஆயிலும் ஒத்துப்போகாது. சமையல் கேஸ் ஒரு கலவை, கலவை விகிதம் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும், உள்ளே ஈரமும் மணச் சரக்கும் உண்டு. செய்கிறவர்களிடம் வேலை கற்காதே.

600 ஏ பற்றி மூன்று விஷயம் மனசில் வை. மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே குளிர்ப்பக்கம் காற்றழுத்தத்தை விடக் குறைவாகத்தான் ஓடும். அதனால் அங்கே ஓட்டை இருந்தால் கேஸ் வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே போகும். ஓடும்போது சோப்பு நுரை வைத்தால் ஒன்றும் தெரியாது. அடுத்தது, எடையில் 134 ஏ-யின் பாதிகூட வேண்டாம். கேஜைப் பார்த்து ஊகமாக ஏற்றாதே, தராசு வேண்டும். மூன்றாவது நெருப்பு. காற்றில் 1.8% கலந்தாலே பற்றும். ஒரு 300 லிட்டர் பெட்டிக்குள் 13 கிராம் கசிந்தால் அந்த அளவு வந்துவிடும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையின் எடைகூட இல்லை! குழாயில் கேஸ் இருக்கும்போது வெல்டிங் டார்ச் பற்றவைக்கவே கூடாது. வெளியேற்றி, நைட்ரஜன் விட்டு ஊதி, கதவு ஜன்னல் திறந்துவைத்துச் செய். கம்ப்ரசர் மேல் தீச்சுவாலை போட்ட மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருந்தால் இரண்டு தடவை யோசி.

● துக்க வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறேன். இரண்டு வருஷத்தில் இரண்டு கம்ப்ரசர் போய்விட்டது. நல்ல கம்பெனி சாமான்தான் போட்டேன்.
— ஃப்ரீசர் பாக்ஸ் உரிமையாளர், தென்காசி

சாமான் மேல் தப்பு இருக்காது. டாடா ஏஸில் ஏற்றி, சந்துக்குள் நான்கு பேர் சாய்த்துத் தூக்கிக்கொண்டுபோய், வைத்த உடனே சுவிட்ச் போடுகிறீர்கள் இல்லையா? சாயும்போது கம்ப்ரசரின் ஆயில் குழாய்க்குள் ஓடிவிடும். நேராக வைத்து அரை மணி நேரமாவது விட்டால்தான் அது இறங்கிவரும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் “கொஞ்சம் பொறுங்க” என்று சொல்வது கஷ்டம்தான். அதனால் சாய்க்காமலே இறக்க வழி பாருங்கள்: கீழே சக்கரம், வண்டிக்கு ஒரு சாய்வுப் பலகை.

இரண்டாவது, நீங்கள் கொண்டுபோகும் எக்ஸ்டென்ஷன் வயர். அரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் 30 மீட்டர் இழுத்தால் போக வர இரண்டு ஓம்ஸுக்கு மேல். கிளம்பும்போது கம்ப்ரசர் 12 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 25 வோல்ட் தொலைந்துபோகும். கிராமத்தில் வருவதே 190 என்றால் பெட்டிக்குப் போய்ச் சேர்வது 165. அது உறுமாமல் என்ன செய்யும்? இரண்டரை ஸ்கொயர் வயர் வாங்குங்கள், கனமாகத்தான் இருக்கும். மாலை போட, படம் எடுக்க என்று யாராவது பிளக்கைப் பிடுங்கி உடனே மாட்டுவார்கள். தாமதித்துக் கொடுக்கும் டைமர் ஒன்று வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. மாதம் ஒருமுறை கம்ப்ரசரின் கால் ரப்பர்களையும் நட்டுகளையும் பாருங்கள். வண்டிக் குலுக்கலில் அவை தளர்ந்தால் அடுத்து விரிவது குழாய் ஜாயின்ட்.

● ஐஸ்க்ரீம் கம்பெனி கொடுத்த ஃப்ரீசர். ராத்திரியில் அணைத்துவைத்தால் கரண்ட் மிச்சமாகுமா? பழுதானால் நாமே பார்க்கலாமா?
— பெட்டிக் கடைக்காரர், சாத்தூர்

இரண்டும் வேண்டாம். உருகி மறுபடி உறைந்த ஐஸ்க்ரீமில் மணல் கடிக்கும். வாங்கினவர் மறுபடி வர மாட்டார். பெட்டி கம்பெனியுடையது, ஒட்டியிருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள். தூசி தட்டுவதும் பனி கரைப்பதும் மட்டும் உங்கள் வேலை.

● என் வீட்டுக்காரர் காலத்து டீப் ஃப்ரீசர், வாங்கி முப்பது வருஷம் இருக்கும். ஆர் 12 என்று எழுதியிருக்கிறது. பார்ட்ஸ் கிடைக்காது, தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். மனசு வரவில்லை.
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

இன்னும் குளிர்கிறது என்றால் ஏன் தூக்கிப் போட வேண்டும் அம்மா? ஆர் 12 என்கிற பழைய கேஸ் ஓசோனைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டது 1987, நான் வேலைக்கு வந்த அதே வருஷம். நம் நாட்டில் 2010-க்குள் அந்த கேஸை முடித்துவிட்டார்கள். ஆகவே இனி கேஸ் கிடைக்காது என்பது நிஜம். ஆனால் தெர்மோஸ்டாட், ரிலே, மூடி ரப்பர், கீல் எல்லாம் அளவு பார்த்துப் பொருத்தக்கூடியவை. கேஸ் பாதையைத் தொடாத எந்தப் பழுதையும் சரிசெய்யலாம். குழாயோ கம்ப்ரசரோ போகிற அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆயிலை மாற்றி வேறு கேஸுக்குக் கொண்டுவருகிறேன் என்று யாராவது வந்தால், முடியும், ஆனால் அந்தச் செலவுக்கு இந்த வயதில் அர்த்தமில்லை.

அப்புறமும் பெட்டி வீண் இல்லை. அந்தக் காலத்து நுரைச் சுவர். ஐஸ் போட்டு மீன் வைக்க மீன்காரர்கள் கேட்டு வாங்கிப்போவார்கள். என் பட்டறையில் அப்படி ஒன்றில்தான் நெல் அரிசி மூட்டை இருக்கிறது, எலி தொட முடியாது. எதற்கு வைத்தாலும் சரி, வீட்டில் பேரப்பிள்ளைகள் வருகிறவர்கள் என்றால், பெட்டி ஓடுவதை நிறுத்திய அன்றைக்கே மூடியின் பூட்டையும் கொக்கியையும் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒளிந்து விளையாடுகிற பிள்ளை உள்ளே ஏறிவிட்டால் அந்த மூடி உள்ளிருந்து திறக்காது.